கச்சாங் என்றால் எந்தக் கச்சாங்?

மலாக்கா மாநிலத்து ஜாசின் பட்டணத்தில், பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஒருவர் "தம்பி, இதுல கச்சாங் இருக்கா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் மனத்தில் இருப்பது நிலக்கடலை. தம்பி தட்டைப் பார்க்கிறார். பயத்தங்காய்ப் பொரியல் இருக்கிறது. "இருக்கு அண்ணே" என்கிறார். மறுநாள் அதே கேள்வியை இன்னொருவர் மீ கோரேங்கைக் காட்டிக் கேட்கிறார். மீயின்மேல் கடலை எதுவும் கண்ணில் படவில்லை. "இல்ல அண்ணே." ஆனால் அந்த மீயைப் புரட்டிய காரக்குழம்பில் வறுத்த நிலக்கடலையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். தம்பி இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை. இரண்டாவது பதில் மட்டும் ஆளைக் கொல்லக்கூடியது.

மலாய் மொழியில் கச்சாங் என்பது ஒரு பண்டத்தின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். கச்சாங் தானா நிலக்கடலை. கச்சாங் ஹிஜாவ் பச்சைப்பயறு. கச்சாங் கூடா கொண்டைக்கடலை. கச்சாங் பாஞ்சாங் பயத்தங்காய். கச்சாங் காஜூஸ் முந்திரி. ஐஸ் கச்சாங் என்று கிண்ணத்தில் மலைபோல் வருகிறதே, அந்தப் பெயர் அடியில் கிடக்கும் சிவப்புப் பயற்றால் வந்தது. ஆனால் பல கடைகளில் வறுத்த நிலக்கடலையையும் பொடித்துத் தூவிவிடுவார்கள்.

தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? கடலை என்றால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா? கடலைமாவில் நிலக்கடலை கிடையாது. பருப்பு என்றால் துவரையும் உண்டு, முந்திரியும் உண்டு, பாதாமும் உண்டு. நிலக்கடலை தென் அமெரிக்கச் செடி. மணிலா வழியாக வந்த பண்டம் என்பதால் மணிலாக்கொட்டை ஆகி, ஆற்காட்டுப் பக்கம் மல்லாட்டை என்று தேய்ந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழருக்கோ நிலக்கடலைதான் கச்சான். ஆங்கிலேயர் ஆண்ட நாளில் மலாயாவின் ரயில்வேக்கும் தோட்ட அலுவலகங்களுக்கும் கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை கச்சான் என்பதும் மலாய்க்காரர் கச்சாங் என்பதும் காதுக்கு ஒன்றுபோல விழும். வயிற்றுக்கு அப்படியில்லை.

கடுமையான உணவு ஒவ்வாமை உள்ளவர் வெளியே சாப்பிடப் போனால் அவரை முதலில் காட்டிக்கொடுப்பது சொல்தான். மலாக்கா மாநிலத்தில் ஒரே கடையில் மூன்று நான்கு மொழிகள் புழங்குகின்றன. சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர், சம்பல் அரைத்து வைத்துவிட்டுப் போனவர் இன்னொருவர். ஒரு பண்டத்தின் பெயர் இத்தனை பேரைக் கடந்து வருவதற்குள் எங்காவது தடுக்கி விழுகிறது.

பண்டத்தின் பெயர் மட்டுமல்ல, நோயின் பெயரும் தடுக்கி விழும். தமிழில் பொதுவாகச் சொல்வது "எனக்கு இறால் ஒத்துக்காது" என்பதுதான். இதைக் கேட்கும் கடைக்காரருக்கு என்ன தோன்றும்? வாயு பிடிக்கும், உடம்பு சூடாகும், கொஞ்சம் அரிக்கும். இறாலும் கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம் என்று வீட்டில் பாட்டி சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். கரப்பான் என்றால் தோலில் தடிப்பு. இரண்டு நாளில் போய்விடும். ஆகவே குழம்பிலிருந்து இறாலை எடுத்துப் போட்டுவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றுவது அவர் கணக்கில் உபசாரம். இது நம் ஊர்க் கடைக்காரரின் அறியாமை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் பிரைட்டன் நகர உணவகங்களில் 90 ஊழியர்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 38 பேர் ஒவ்வாமை தாக்கினால் தண்ணீர் குடித்தால் வீரியம் குறையும் என்றார்கள். 23 பேர் கொஞ்சம் சாப்பிட்டால் பரவாயில்லை என்றார்கள். சமைத்த உணவிலிருந்து அந்தப் பண்டத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்றவர்கள் 21 பேர்.

உடம்புக்குள் நடப்பது வேறு. 1901இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியரும் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் போய், போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று பெயர் கொண்ட கடல் உயிரியின் நஞ்சை ஆராய்ந்தார்கள். (மலாக்காக்காரர்களுக்கு 1511இல் வந்த நிஜப் போர்க்கப்பல்தான் நினைவுக்கு வரும்.) ஊர் திரும்பிக் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். தடுப்பூசிபோல உடம்பு பழகிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. சில வாரம் கழித்து மறுபடியும் கொஞ்சமாகச் செலுத்தியபோது, பழகியிருக்க வேண்டிய நாய் நிமிடங்களில் மூச்சுத் திணறிச் செத்தது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

இறால் ஒவ்வாமைக்காரர் உடம்பிலும் கதை அதுவே. முன்பு எப்போதோ இறால் புரதத்தைப் பகைவன் என்று தவறாகக் கணித்த உடம்பு, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிவைத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் அதன் கூட்டாளிகளையும் ஒரே வீச்சில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது, மூச்சுக் குழல் இறுகுகிறது, தொண்டை வீங்குகிறது. இதற்குப் பெரிய அளவு வேண்டியதில்லை. ஒரு நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ கால் கிராம் புரதம் இருக்கும். அதில் நூறில் ஒரு பங்கே சிலருக்குப் போதும்.

ஆசியாவில் பெரியவர்களைப் படுத்துவது நிலக்கடலையைவிட இறால், நண்டு வகைதான் அதிகம். மலாக்காவுக்கு வந்தால் அந்த இறால் கண்ணுக்குத் தெரியாத வடிவத்தில் இருக்கிறது. உஜோங் பாசிர் போர்ச்சுகீசியக் குடியிருப்பின் கரையோரம் பிடிபடும் கெராகாவ் என்ற பொடி இறால் நகக்கண் அளவுதான் இருக்கும். உப்பும் சோறும் கலந்து புளிக்கவைத்தால் சிஞ்சாலோக். உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, இடித்து, பதப்படுத்தினால் பெலாச்சான். பெலாச்சான் துண்டைத் தணலில் சுட்டுச் சிவப்பு மிளகாயோடு இடித்தால் கிடைக்கும் சம்பலில் இறாலின் தலையும் இல்லை, வாலும் இல்லை. செங்கல் நிறத்தில் ஒரு விழுது, அவ்வளவுதான். கங்கோங் கீரை பெலாச்சான் போட்டு வதங்கி வந்தால் தட்டில் பச்சையாகக் கீரைதான் தெரியும். "சாயோர்தான், வெறும் கீரை" என்று பரிமாறுபவர் மனசாரச் சொல்வார்.

இந்திய வீட்டுச் சமையலில் பெலாச்சான் இருக்காது என்று எண்ணுவதும் மலாக்காவில் செல்லாது. காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள் சைவ சமயத்தவர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்கள் மரபுக்குரியது. வீட்டில் பேசுவது மலாய், அம்மியில் அரைபடுவது சம்பல் பெலாச்சான். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களும் நாசி லெமாக் சம்பலில் பெலாச்சான் வாசனை இல்லாவிட்டால் என்னவோ குறைகிறது என்பார்கள். மூன்று நான்கு தலைமுறையாக இங்கே வாழ்ந்தால் நாக்கும் இந்த ஊர் நாக்காகத்தானே ஆகும்.

சுட்டு, இடித்து, கொதிக்கவைத்த பிறகும் அதில் ஒவ்வாமைப் பொருள் மிஞ்சுமா? மிஞ்சும். 1993இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சாந்தி, சுப்பா ராவ் குழுவினர் நம் கடல்களில் கிடைக்கும் வெள்ளை இறாலை ஆராய்ந்து, முக்கியக் குற்றவாளி ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம் என்று அடையாளம் காட்டினார்கள். கொதிநீருக்கு அது அசையாது. இறால் வெந்த தண்ணீரிலும் அது இறங்கியிருக்கும். ஆகவே இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாற்றை ஊற்றிய அந்த உபசாரம் விஷத்தை வடிகட்டாமல் சக்கையை மட்டும் வடிகட்டிய கதை. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் கரப்பான்பூச்சியிலும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. ஈரமும் வெக்கையும் நிறைந்த இந்தப் பகுதியில் தூசி உண்ணிக்குப் பஞ்சமில்லை. இறால் ஒவ்வாமை இங்கே மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் சைவக் கடைக்குப் போய்விட்டால் நிம்மதியா? இறாலுக்கு மட்டும்தான் நிம்மதி. பால் ஒவ்வாமை உள்ளவருக்குச் சைவக்கடை ஒரு கண்ணிவெடி நிலம்: நெய், மோர், தயிர், தே தாரிக்கில் கெட்டிப்பால். குருமாவை வெள்ளையாக்குவது முந்திரி. தேங்காய்ச் சட்டினியில் பொட்டுக்கடலை அரைப்பார்கள். அது தீர்ந்த நாளில் நிலக்கடலை. கோதுமை ஆகாதவர் அரிசிச் சோறும் சாம்பாரும்தானே என்று உட்காருவார். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது சாம்பார் வைத்தவருக்கே தெரியாது.

ரொட்டி சானாய் கல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலையில் பசியாற வந்தவர்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். மாவு உருண்டைகள் மார்ஜரினில் மிதக்கின்றன. ரொட்டிக்காரர் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, வீசி, காற்றில் விரித்து, கல்லில் போடுகிறார். அடுத்தது முட்டை ரொட்டி. கல்லின் நடுவிலேயே முட்டை உடைகிறது. விளிம்பில் வழிந்தது கல்லிலேயே காய்ந்து ஒட்டுகிறது. அதே தோசைத்திருப்பியால் சுரண்டி ஓரத்தில் தள்ளுகிறார். அடுத்த ரொட்டி அந்த இடத்தில்தான் விழுகிறது. வெந்த ரொட்டியை இரண்டு கையாலும் தட்டிப் பூப்போலக் குலைக்கிறார். அந்தக் கையில்தான் சற்று முன் முட்டை ஓடு இருந்தது. "முட்டை போடாத ரொட்டி" என்று கேட்டவருக்கு அவர் மனமறிந்து முட்டை போடவே இல்லை. மாவு பிசையும்போதே முட்டையோ கெட்டிப்பாலோ சேர்க்கும் கடைகளும் உண்டு என்பது தனி.

கையைத் துடைத்துக்கொண்டால் தீராது. நிலக்கடலைப் புரதத்தைக் கையில் தடவிச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், சோப்புப் போட்டுக் கழுவினால் போனது. வெறும் தண்ணீரிலும் கிருமிநாசினி ஜெல்லிலும் பல கைகளில் மிஞ்சியிருந்தது. கோவிட் காலத்தில் கடை வாசல்தோறும் அந்த ஜெல் புட்டி வந்தது. கிருமிக்கு அது சரி.

சாத்தே செலுப்பைப் பற்றி ஒரே வரி போதும். மேசை நடுவில் நிலக்கடலைக் குழம்பு கொதிக்கிறது, குச்சியில் செருகிய இறாலும் சிப்பியும் காடை முட்டையும் அதே பானையில் முங்கி எழுகின்றன. நிலக்கடலையோ இறாலோ முட்டையோ ஆகாதவர் அந்த மேசையில் நண்பர்களுக்காக உட்காரலாம், வாய் வைக்கக் கூடாது.

சட்டம் எங்கே இருக்கிறது? மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், ஒவ்வாமை தரும் பண்டங்கள் சிலவற்றைப் பொட்டலத்தின்மேல் அச்சிடச் சொல்கின்றன. குளூட்டன் உள்ள தானியங்கள், கொட்டை வகை, மீன், பால், முட்டை ஆகியவை அந்தப் பட்டியல். கொட்டை வகை என்ற கூடைக்குள் நிலக்கடலையையும் சோயாவையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். சட்டமும் கச்சாங் என்றுதான் பேசுகிறது! 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி கடையில் உணவைக் கையாளுபவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். கிருமிக்கு அஞ்சி எழுதிய சட்டம் அது. தட்டில் போட்டு நீட்டும் சோற்றுக்கு லேபிள் ஏது?

லேபிள் ஒட்டினாலும் சொல் ஏமாற்றும் என்பதற்கு வட யார்க்‌ஷயர் வழக்கு ஒன்று போதும். 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் அந்தப் பகுதியில் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 38 வயது மனிதர் ஓர் இந்திய உணவகத்தில் சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார். கொட்டை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். மூடியிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவே இறந்தார். கடனில் மூழ்கியிருந்த கடை முதலாளி, விலை கூடிய பாதாம் பொடிக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த மலிவுப் பொடியை வாங்க ஆரம்பித்திருந்தார். மூன்று வாரம் முன்புதான் வேறொரு வாடிக்கையாளர், பதின்வயதுப் பெண், அவருடைய கடை உணவால் மருத்துவமனைக்குப் போனார். அதிகாரிகள் வந்து எச்சரித்தும் இருந்தார்கள். 2016 மே மாதம் டீசைட் நீதிமன்றம் முதலாளிக்கு ஆறு ஆண்டு சிறை விதித்தது. சமையல் முறை மாறவில்லை, மசாலாவின் பெயர் மாறவில்லை, பொடி மட்டும் மாறிவிட்டது. ஐந்து வருடமாகச் சாப்பிடும் பழகிய கடை என்பதெல்லாம் ஒரு மளிகைச் சீட்டில் காலியாகிவிடும்.

மலாக்காவுக்கே உரிய ஒரு கிளைக்கதையும் இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர் தோட்டங்களின் தொடக்கம் அது. அந்தக் கித்தா மரங்களில் பால் வெட்டத்தான் தமிழர் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தது. மரத்துப் பாலிலும் புரதம் உண்டு. 1980களில் எய்ட்ஸ் அச்சத்தால் உலகெங்கும் மருத்துவக் கையுறைத் தேவை எகிறியபோது லேட்டக்ஸ் ஒவ்வாமையும் கூடவே ஏறியது. அந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வாழைப்பழமும் வெண்ணெய்ப்பழமும் கிவியும்கூட ஆகாது. புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதுதான் காரணம். லேட்டக்ஸ் கையுறை போட்டுச் சமைத்த உணவாலும் சிலருக்கு எதிர்வினை வந்ததால், அமெரிக்காவில் அரிசோனா, ஓரிகன், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் உணவகங்களில் அந்தக் கையுறையைத் தடைசெய்தன. சுத்தத்துக்காகக் கையுறை போடும் கடையில் அது லேட்டக்ஸா, நைட்ரைலா, பிளாஸ்டிக்கா என்றும் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பது எப்படி? கூட்டம் மொய்க்கும் பகல் ஒரு மணியில் அல்ல. பதினொன்றரைக்குப் போனால் சமைப்பவரே வெளியே வந்து நிற்பார். கேள்வி பரிமாறுபவரோடு நின்றுவிடாமல் சமைப்பவர் காதுக்குப் போக வேண்டும். "இறால் இருக்கா?" என்பது மோசமான கேள்வி. "அண்ணே, சம்பல் எப்படி அரைச்சீங்க? பெலாச்சான், சிஞ்சாலோக், உலர்ந்த இறால் எதாச்சும் போட்டீங்களா? வடை சுட்ட எண்ணெயில இறால் பொரிச்சீங்களா?" என்பது நல்ல கேள்வி. ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்விக்குத்தான் உண்மை வெளியே வரும். "ஒத்துக்காது" என்ற மென்மையான சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, "பட்டாலே மூச்சு அடைச்சிடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்று சொல்ல வேண்டும். மலாய்க் கடையில் "சாயா ஆலா ஊடாங், பெலாச்சான் புன் தாக் போலே" (எனக்கு இறால் ஒவ்வாமை, பெலாச்சானும் கூடாது) என்ற ஒரு வரி நிறைய வேலை செய்யும். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதிய சிறு அட்டையைப் பணப்பையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. அதில் "கச்சாங்" என்று மொட்டையாக எழுதாமல் "கச்சாங் தானா" என்று எழுத வேண்டும். சமைப்பவர் "தெரியல" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். "தெரியல" என்று ஒப்புக்கொண்டவர் நல்ல மனிதர். "ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

இனிப்பை விட்டுவிடலாம். அமெரிக்காவில் உணவகங்களில் நிகழ்ந்த கொட்டை ஒவ்வாமைத் தாக்குதல்களைத் தொகுத்து 2001இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 43 இனிப்பால் வந்தவை. முக்கியச் சாப்பாட்டுக்குத் துருவித் துருவிக் கேட்டவர்கள் கடைசிக் கிண்ணத்தில் அசந்துவிடுகிறார்கள்.

அத்தனைக்கும் பிறகும் தவறு நடக்கும். உதடு தினவெடுத்து, நாக்கு தடித்து, தொண்டை இறுகி, குரல் கரகரத்து, வயிறு முறுக்கி, தலை சுற்றினால் அரிப்புக்கான மஞ்சள் மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. தோல் அரிப்பை அது அடக்கும், இறங்கும் ரத்த அழுத்தத்தை அதனால் தூக்க முடியாது. மருந்து ஒன்றுதான், அட்ரினலின். ரிஷே கப்பலேறிய அதே 1901இல்தான் ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானியர் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்ததை அறிவித்தார். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கால்சட்டையின் மேலேயேகூட, குத்த வேண்டும். பிறகு 999. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்கக் கூடாது. நடக்கவைத்துக் காருக்குக் கூட்டிப்போகும் வழியில் இதயம் நின்ற சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறினாலும் மருத்துவமனை; சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம்.

பிரிட்டனில் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000இல் வெளியிட்ட கணக்கில், உணவு வாய்க்குள் போனதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும்வரை இடைநிலை நேரம் 30 நிமிடம். குனோங் லேடாங் அடிவாரத்தில் ஆசஹான் பக்கத்துத் தோட்டத்துக்கு உள்ளே, செம்பனை நடுவே செம்மண் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து, திரும்பி ஜாசின் மருத்துவமனைக்குப் போகிற நேரத்தை அந்தத் தோட்டத்துக்காரர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். ஆகவே மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி சாப்பிடும் மேசைமேல், கைத்தொலைபேசியின் பக்கத்தில் இருக்க வேண்டும். பலர் அதை மோட்டார்சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குள் வருகிறார்கள். மலாக்கா வெயிலில் அந்தப் பெட்டிக்குள் சூடு ஏறி ஏறி, ஊசியின் சின்ன ஜன்னல் வழியே தெளிந்த நீர்போலத் தெரிய வேண்டிய மருந்து நாளாவட்டத்தில் தேநீர் நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.